பம்புக்குள் ஜல்லி

பம்புக்குள் யாரோ ஜல்லியை அள்ளிப் போட்டு அரைப்பது போல இருந்தது.

மின்நிலையத்தின் அடித்தளத்தில், பட்டப்பகலிலும் டார்ச் இல்லாமல் கால் வைக்க முடியாத அந்தப் பள்ளத்தில், கருகிய எண்ணெய் வாடையும் நீராவியும் முகத்தில் அப்ப, ஆபரேட்டர் ஸ்குரூடிரைவரின் பிடியைக் காதில் ஒட்டி, முனையைப் பம்பின் மேல் அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். ஹீட்டர்களிலிருந்து தொட்டிக்கு வடிகிற கொதிநீரை மேலே தள்ளும் பம்பு அது. தொட்டியில் மட்டம் இறங்கினால் நீர் பம்பின் வாயிலேயே குமிழி விடும். குமிழிகள் உள்ளே போய் உடைந்து உடைந்து இரும்பையே அரித்துவிடும். அதன் சத்தம்தான் இது. வைத்தியமும் தெரிந்ததுதான். மட்டத்தை ஏற்ற வேண்டும்.

ஏற்றினான். மட்டம் காட்டும் கண்ணாடிக்குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் வந்து நின்றது. சத்தம் நிற்கவில்லை.

மாற்றுப் பம்பை ஓடவிட்டு இதை நிறுத்தினான். தண்டு சுழன்று ஓய்ந்தது. சத்தம் ஓயவில்லை.

கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டான்.

"நின்ன பம்பு கத்துதா? வீட்டுல பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தியா?" ஷிஃப்ட் இன்சார்ஜ் சிரித்தார். "ஃபிட்டரைக் கூப்பிட்டுத் திறந்து பாருய்யா."

ஃபிட்டர் அவனுடைய தங்கை புருஷன். கல்யாணப் புதுசு. இருவருமாக வால்வுகளை அடைத்து, ஃபியூஸைப் பிடுங்கி, தண்ணீரை வடித்து, ஆறவிட்டு மூடியைக் கழற்றினார்கள்.

கழற்றியதும் சத்தம் நின்றது. ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டது போல.

"நீங்க கை விட்டுப் பாக்கறீங்களா மச்சான்?"

ஆபரேட்டர் பின்னால் நகர்ந்தான். "நீயே பாரு மாப்ள. என் கை தடிமன், உள்ள போகாது."

பொய். இருவர் கையும் ஒரே அளவு.

ஃபிட்டர் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட்டான். "தண்ணியத் தள்ற இறக்கையெல்லாம் பொடிப்பொடியா ஓட்டை மச்சான். கரையான் அரிச்ச மாதிரி." சிரித்தான். "கூசுது."

கையை வெளியே எடுத்தான்.

ரத்தம் இல்லை. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை ஊசிமுனைத் துளைகள். எண்ண முடியாத அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஏறின. தோள். கழுத்து. தாடை.



"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? எனக்கு ஒண்ணும் ஆகல. வலிக்கக்கூட இல்ல."

ஆபரேட்டர் டார்ச்சை உயர்த்தினான். வெளிச்சம் ஃபிட்டரின் முகத்தில் விழுந்தது. பின்சுவரில் அவன் தலையின் நிழல்.

நிழல் முழுக்க, பொடிப்பொடியாக, வெளிச்சப் புள்ளிகள்.