காரணத்தாள்

சனிக்கிழமை காலையில் குடிநீர் வண்டி வந்து போனதும் எங்கள் வார்டு அலுவலகத்தின் முன்னால் வரிசை நிற்கும். பாதிப் பேர் காரணத்தாள் கொடுக்க வந்தவர்கள். மீதிப் பேர் அதை எப்படி எழுதுவதென்று என்னிடம் கேட்க வந்தவர்கள். அலுவலகச் சுவரோரம் போட்ட பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன்.

"பாட்டு நல்லாருக்கும்னு போட்டுரவா அண்ணாச்சி?" என்பார் ஒருவர்.

"எந்தப் பாட்டு? அது வாறதுக்கு முந்தி என்ன நடந்துச்சு? நீரு அப்ப எதப் பாத்துக்கிட்டு இருந்தீரு? அதச் சொல்லும்" என்பேன்.

அவர் தலையைச் சொறிவார். எனக்கு எரிச்சல் வரும். நூறு தடவை பார்த்த படம் என்பார்கள், ஏன் பிடிக்கும் என்று கேட்டால் 'நல்லாருக்கும்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கடைசியில் நானே கேள்வி கேட்டுக் கேட்டு அவர்கள் வாயிலிருந்து பிடுங்கி, தேறும் அளவுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பேன். அருளப்பன் என்ற என் பெயர் போய், ஊரில் 'காரணம் அண்ணாச்சி' என்றே ஆகிவிட்டது. அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

தூத்துக்குடிக் கடற்கரையில் மைல் கணக்கில் நிற்கின்றன நினைவுக் கொட்டில்கள். நாட்டின் படங்கள், பாடல்கள், பேச்சுகள் எல்லாம் அவற்றுக்குள்தான். அவை சூடேறாமல் இருக்க நன்னீர் வேண்டும். தொடர்ந்து மூன்று கோடை மழை பொய்த்தபோது, மனிதன் குடிக்கவா கொட்டில் குடிக்கவா என்ற கேள்வி வந்தது. முதல் கோடையில் வீட்டுப் பதிவுகளை அழித்தார்கள். கல்யாண வீடியோ, பிள்ளை முதல் அடி வைத்தது, செத்தவர்கள் போனில் பேசியது எல்லாம் ஒரே வாரத்தில் போயிற்று. அடுத்து சினிமா. ஒரு படத்தைக் கொட்டிலில் வைத்திருக்க நாளுக்கு இரண்டு குடம் தண்ணீர் என்றார்கள். யாருக்குமே பிடிக்காத படத்துக்கு எதற்கு இரண்டு குடம்? ஆகவே பிடித்தவர்கள் ஏன் பிடிக்கும் என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். நூற்றுக்கு இத்தனை என்று பொறி மதிப்பெண் போடும். நாற்பதுக்குக் குறைந்தால் அது பிடிப்பே இல்லை. காலாண்டு முடிவதற்குள் ஒரு தாளும் தேறாத படத்தை அழித்துவிடுவார்கள். தாள் தேறினால் படத்தின் பெயருக்கு எதிரே 'காக்கப்பட்டது' என்று பச்சையில் விழும்.

என் பெயரில் மட்டும் பதினொரு படங்கள் பச்சையில் இருந்தன. 'உப்பளத்துப் பாதை'யில் நாயகன் தகப்பன் எழுதிய கடிதத்தைப் பிரிக்குமுன் நாற்பது விநாடி சும்மா நிற்பான். பின்னணி இசை கிடையாது, முகத்தில் அழுகை கிடையாது, சட்டைப் பையில் இருக்கும் பேனாவை மட்டும் ஒருமுறை சரிசெய்வான். அதற்காகவே அந்தப் படம் எனக்கு உயிர். 'நாற்காலி வாடகைக்கு' சிரிப்புப் படம் என்று பெயர், ஆனால் அதில் யாருமே சிரிக்கமாட்டார்கள். பார்க்கிற நாம்தான் சிரிப்போம், வீட்டுக்கு வந்த பிறகு வெட்கப்படுவோம். 'பத்தாம் நம்பர் லாரி'யில் மழை பெய்தால் நனைந்த மண் வாசனை கூட வரும் எனக்கு. இப்படி எழுதினால் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்ததே இல்லை.

சிக்கல் அந்த உப்பளத்துப் பாதையில்தான் தொடங்கியது. மாதம் ஒரு பச்சைப் படத்தை வார்டு கூடத்தில் போடுவார்கள். அன்று மதியம் ஆசையாகப் போய் உட்கார்ந்தேன். நாயகன் கதவைத் திறக்குமுன் நின்றான். சோறு சாப்பிடுமுன் நின்றான். காதலி பெயர் கேட்டபோது பதில் சொல்லுமுன் நின்றான். ஒவ்வொரு தடவையும் பேனாவைச் சரிசெய்தான். கூடத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசித்தார்கள். நான் பார்த்த படத்தில் அவன் ஒரே ஒரு தடவைதான் நிற்பான்.

வார்டு அதிகாரி கோமதிநாயகம் நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"படத்தக் காக்கோம்னுதான சொன்னீங்க?"

"காத்திருக்கோம்லா அண்ணாச்சி. எது பிடிச்சிருக்கோ அதக் காத்திருக்கோம்." நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தொண்ணூறுக்கு மேல ஒரு தாள் வந்தா, அத வச்சே நெய்பொறின்னு ஒண்ணு, வேணுங்கப்ப படத்தப் புதுசா நெய்ஞ்சிரும். பொறவு மூலப் படம் எதுக்கு? ஒரு தாளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கூட வேண்டாம்."

"அப்ப மூலத்த?"

"தொடச்சிருவோம். உங்க தாளுன்னா அன்னிக்கே. மத்தவுக நாப்பது அம்பதுன்னு வாங்குதாக பாருங்க, அதெல்லாம் நெய்ய முடியாது. மூலத்த வச்சுக்கிட்டு கெடக்கோம், தண்ணிக்குச் செலவு."

வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். வரிசையில் நான் ஏளனம் செய்த அத்தனை பேரின் படங்களும் பத்திரமாக இருந்தன. 'பாட்டு நல்லாருக்கும்' என்று எழுதியவன் தன் படத்தைக் காப்பாற்றிவிட்டான். ஏன் பிடிக்கும் என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்த நான் பதினொன்றைக் கொன்றிருந்தேன்.

பன்னிரண்டாவது ஒன்று பாக்கி இருந்தது. 'தாழையூர் சந்திப்பு' என்று ஒரு தோற்றுப்போன படம். அதன் நாயகி வடநாட்டுப் பெண். அவளுக்குக் குரல் கொடுத்தது என் மனைவி ஜெசிந்தா. கல்யாணத்துக்கு முன் சென்னையில் இரண்டு வருஷம் டப்பிங் பேசினாள். கூட்டத்தில் கத்துகிற குரல், டெலிபோன் குரல் என்று துண்டு துண்டாக நிறையக் கொடுத்திருக்கிறாள். முழுப் படம் இது ஒன்றுதான், அதிலும் பெயர் போடவில்லை. மகள் மெர்லினுக்கு இரண்டு வயதாகும்போது ஜெசிந்தா இறந்துபோனாள். வீட்டுப் பதிவுகளும் அந்தத் துண்டுக் குரல் படங்களும் அழிந்த பிறகு உலகத்தில் அவள் குரல் மிச்சமிருந்தது அந்தப் படத்தில் மட்டும்தான். அது எனக்கு மிகவும் பிடித்த படம், அதனால்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். இன்னும் நன்றாக எழுதவேண்டும் என்று.

கிறிஸ்துமஸ் தோறும் மெர்லினை உட்காரவைத்து அதைப் போடுவேன். அவளுக்கு இப்போது இருபது வயது. கடல்நீர் ஆலையில் பம்ப் பார்க்கிறாள். "அந்த நடிகை மூஞ்சிதான்பா தெரியுது, அம்மா எங்க இருக்காங்க?" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேள் என்பேன். மூடுவாள், ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போவாள். என்றைக்காவது ஒருநாள் அவளுக்குக் கேட்டுவிடும் என்று நம்பியிருந்தேன். அவளுக்கு அம்மாவை அறிய வேறு வழி ஏது?

காலாண்டு முடிய இரண்டு நாள் இருந்தது. வேறு யாரும் அந்தப் படத்துக்குத் தாள் கொடுக்கப்போவதில்லை. நாற்பதுக்கு மேல், தொண்ணூறுக்குக் கீழ் வாங்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. அலுவலகத்தில் பொறியின் முன் உட்கார்ந்தேன். ஒரு படத்துக்கு மூன்று வாய்ப்பு, மூன்றாவதே முடிவு.

'படம் நன்றாக இருக்கும். குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று அடித்தேன். முப்பத்துமூன்று. 'ரயில் நிலையக் காட்சிகள் அழகு. வசனம் இயல்பு' என்று சேர்த்தேன். முப்பத்தேழு. இன்னும் ஒரே ஒரு வரி வேண்டும், சுமாரான வரி. 'நாயகியின் குரல் இனிமை' என்று அடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் குரல் இனிமையே கிடையாது. கொஞ்சம் கரகரப்பு. பதினெட்டு வருஷமாக அவளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் ஒரு வாக்கியம் எழுத வாய்த்து, அதுவும் பொய்யா? அதை அழித்தேன். அழித்துவிட்டு எழுதினேன்: 'அவள் சிரிக்கப்போகிறாள் என்பது முன்னாலேயே தெரிந்துவிடும். தொண்டையில் ஒரு சின்னக் கனைப்பு, சிரிக்கலாமா என்று உள்ளே யாரையோ கேட்டுக்கொள்வதுபோல. பிறகுதான் சிரிப்பு, அதுவும் பாதியில் நின்றுவிடும், மீதியை நாம் சிரிக்கட்டும் என்று.'

இது சுமாரான வரி இல்லையே என்று உறைத்தபோது விரல் பொத்தானை அமுக்கிவிட்டிருந்தது. தொண்ணூற்றெட்டு.

கோமதிநாயகத்திடம் ஓடினேன். அவர் கையில் ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குள் மூலத்தைத் துடைத்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு வார்டு கூடத்தில் புதுத் தாழையூர் சந்திப்பு. மெர்லினும் ஆலையில் பர்மிஷன் சொல்லிவிட்டு வந்தாள். நடிகையின் முகம் எப்போதும் பாதி நிழலில் இருந்தது. காமிரா அவள் கழுத்தை விட்டு நகரவில்லை. அவள் கனைத்துவிட்டுச் சிரித்தாள், பாதியில் நிறுத்தினாள், கூடம் முழுக்க மீதியைச் சிரித்தது. ரயிலைத் தவறவிட்டும் கனைத்துச் சிரித்தாள். தகப்பன் சவத்தின் முன்னால் உட்கார்ந்தும் கனைத்துச் சிரித்தாள். கரகரப்பு இல்லை, அதை நான் எழுதவில்லையே. அது ஜெசிந்தா இல்லை. ஜெசிந்தாவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த எவளோ ஒருத்தி.

மெர்லின் தூங்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள், கண்ணில் நீர் வழிந்தது.

"இப்பதான்பா அம்மா கேக்காங்க" என்றாள். "வீட்டுலயும் இப்படித்தான் சிரிப்பாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டால் என்ன காட்டுவது? நினைத்துப் பார்த்தேன். காதில் வந்தது திரையில் கேட்ட அந்தக் கனைப்புதான். அதைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை தேடினேன். மறுபடியும் அதுவே வந்தது.

"ஆமா" என்றேன். அவ்வளவு கேவலமாக நான் பொய் சொன்னதில்லை.

வெளியே வந்தபோது கோமதிநாயகம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு ஆளோட குரலையே தாள்ல எறக்கிட்டீங்களே அண்ணாச்சி. மேலிடத்துல அசந்துட்டாக. இனிமே ஆளுகளுக்கும் தாள் வாங்கச் சொல்லிருக்காக. ரேஷன் தண்ணி அட்டையில இருக்க வயசானவுக பேருக்கு முதல்ல. ஆளு குடிக்கும், தாள் குடிக்காதுல்லா." அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அறுபத்துமூன்று வயது.

அதற்குப் பிறகு பெஞ்சுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். யார் கேட்டாலும் எனக்கு எந்தப் படமும் பிடிக்காது என்று சொன்னேன். பிடித்ததைப் பற்றி நினைக்கவே பயமாக இருந்தது. மெர்லின் கவலைப்பட்டாள். அப்பா முன்ன மாதிரி பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

போன வாரம் வேலை முடிந்து வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்பா, கோவப்படாதீங்க. உங்களப் பத்தி ஒரு தாள் எழுதிக் குடுத்தேன். எனக்கு எதுக்கு உங்களப் பிடிக்கும்னு. ரெண்டு மாசமா பாத்துப் பாத்து எழுதுனேன்." என் கையில் தாளை வைத்தாள். "தொண்ணூத்தாறு வந்திருக்குப்பா. உங்க பேருக்கு எதிர 'காக்கப்பட்டது'ன்னு பச்சையில விழுந்துட்டு."

வாங்கிப் படித்தேன். பிள்ளை அருமையாக எழுதியிருந்தாள், என் கைவண்ணம் அப்படியே இருந்தது. ஒரு பக்கம்தான். இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவையும் படித்தேன். அதில் விட்டுப்போனது என்று சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.