மாலை போட்ட லிஃப்ட்

தொப்!

கல்கத்தா சால்ட் லேக்கில் பாதி எழும்பி நின்ற ஆபீஸ் டவர். அதன் மணல் குவியலில் வந்து விழுந்தார் எஞ்சினியர் சந்தானம்.

விழுந்தவர் எழவில்லை.

அரை மணி நேரத்தில் லிஃப்ட் ஆப்பரேட்டர் பிரவீண் கையில் விலங்கு!

டாக்குரியாவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அவன் அக்கா ரஞ்சனா, போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

"நான் லிஃப்ட்டைத் தொடவே இல்லக்கா!"

பிரவீண் வாயில் சாராய நெடி. யார் நம்புவார்கள்?

இன்ஸ்பெக்டர் தத்தாவிடம் வங்காள மொழியில் கெஞ்சினாள் ரஞ்சனா.

"கொரோனாவுல அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க சார்... எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான்!"

"ஆப்பரேட்டரோட அஜாக்கிரதைன்னு மேனேஜர் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காரும்மா."

மேனேஜர் சிவராஜ்! சென்னையிலிருந்து இந்த வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரஞ்சனா அவரிடம் ஓடினாள்.

"என்ன சார் நடந்துச்சு?"

"உன் தம்பி குடிச்சுட்டு லிஃப்ட் ஓட்டினாம்மா. எட்டாவது மாடியில கதவைப் பூட்டல. சந்தானம் சாஞ்சார்... அவ்வளவுதான்!"

"நீங்க பார்த்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால! அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி கூண்டைக் கீழே இறக்கிட்டு நிக்கறான்."

கட்டடத்தின் வெளிப்புறமாக ஏறி இறங்கும் அந்தக் கூண்டு லிஃப்ட்டைப் பார்த்தாள் ரஞ்சனா.

கூண்டின் கதவையும் பக்கத்துக் கம்பத்தையும் சேர்த்துக் கட்டிய சாமந்தி மாலை. எங்கேயும் அறுபடவில்லை!

அழுகை சட்டென்று நின்றது. சிவராஜ் சொன்னதை அப்படியே வங்காள மொழியில் தத்தாவிடம் ஒப்பித்தாள்.

தத்தா மாலையைப் பார்த்தார். பட்டங்கள் பறக்கும் வானத்தைப் பார்த்தார். சிரித்தார்.

"எதுக்குச் சிரிக்கறார்?" ரஞ்சனாவிடம் கேட்டார் சிவராஜ்.

"இன்னைக்கு விஸ்வகர்மா பூஜை சார்! அதான் வானம் பூரா பட்டம். கல்கத்தாவுல ஒருத்தனும் மெஷினைத் தொட மாட்டான். காலையில பூஜை போட்டுக் கட்டின மாலை அறுபடாம லிஃப்ட் எப்படி எட்டாவது மாடிக்குப் போச்சு?"

சிவராஜ் மாலையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆயுத பூஜை... அக்டோபர்லதானே?"

"அது நம்ம ஊர்ல!"

தத்தாவின் கை சிவராஜின் தோளில் இறங்கியது. அவ்வளவுதான், உடைந்து போனார்.

"தூண்ல விரிசல், வேலையை நிறுத்துன்னான் சந்தானம்! ரெண்டு வருஷம் வீட்ல சும்மா உக்காந்துட்டு, இப்பத்தான் இந்த வேலை கிடைச்சுது. டவர் நின்னா நான் நடுத்தெருவுல... படியில கூட்டிட்டுப் போய்த் தள்ளிட்டேன்!"

விலங்கு கை மாறியது.

தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள் ரஞ்சனா. ஜீப் கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"சார்... அக்டோபர்ல உங்க ஆயுத பூஜைக்கு ஜெயில்ல பொரிகடலை குடுக்கறாங்களான்னு பார்த்துச் சொல்லுங்க!"