மூடிப் பார்க்காத கண்

புருவத்துக்கு மேலிருந்த ஊசியை யாரோ மெல்லத் திருகினார்கள். அக்குபங்சர் டாக்டரம்மா ஊசிகளைக் குத்தி, திரையை இழுத்துவிட்டு எப்போதோ போய்விட்டிருந்தார். பக்கத்துத் தடுப்பில் யாருடைய முழங்கால் வலிக்கோ அவர் ஆறுதல் சொல்வது இவளுக்கு நன்றாகவே கேட்டது. அப்படியானால் இந்த விரல்கள் யாருடையவை?

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் அவள். இடது கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. தேறாவிட்டால் வேனும் போச்சு, பிழைப்பும் போச்சு.

"ஊசி குத்தினா கண்ணு வருமாடி? அப்ப துணிக்கெல்லாம் என்னைக்கோ கண்ணு வந்திருக்கணுமே" என்று அக்கா கேலி செய்தாள்.

"நீ சிரி. என் கண்ணை நான் சும்மா விட்டுக்குடுக்க மாட்டேன்."

முதல் தடவையே கண்ணைக் குடைந்துகொண்டிருந்த வலி குறைந்தது. பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த விரல்கள் வந்தன. டாக்டரம்மாவின் கையில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். இவற்றில் வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையின் ஈர வாடை. அவ்வளவு நெருக்கத்தில் குனிந்தும் மூச்சுக்காற்று மட்டும் முகத்தில் படவில்லை. மனசு கேட்காமல் ஒருநாள் வாய்விட்டே கேட்டாள்.

"நடுவுல வந்து ஊசியைத் திருகறீங்களே டாக்டர், அது எதுக்கு?"

"நானா? வச்ச ஊசியை எடுக்கற வரைக்கும் நான் தொடவே மாட்டேனே."

இனி இங்கே வரவே கூடாது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் வேனில் உட்கார்ந்து, வழக்கம்போல வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தபோது, முன்னால் நின்ற லாரியின் நம்பர் இடது கண்ணுக்குத் தெரிந்தது. ஓவென்று அழுதுவிட்டாள். பேயோ பிசாசோ, கண்ணைக் கொடுக்கிறதென்றால் வந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகும் அவள் சோதித்ததெல்லாம் கெட்ட கண்ணைத்தான். நல்ல கண்ணை யார் சோதிப்பார்கள்?

இன்றைக்கு மதியம் திரை இழுபட்டபோது மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்துத் தடுப்பில் யாரோ இருமினார்கள், ஜன்னல் வழியாக வந்த வெயில் மூடிய இமைகளுக்கு மேல் வெதுவெதுப்பாகக் கிடந்தது. பிறகு அந்த ஈர வாடை வந்தது. விரல்கள் புருவத்தில் இறங்கின. ஆனால் இடது பக்கம் நிற்கவில்லை. மூக்கைத் தாண்டின. வலது பக்கம்.

அங்கே ஊசியே இல்லை.

இமையை அழுத்தின. இமை உள்ளே போனது. அமுங்கிக்கொண்டே போனது. வலிக்கவில்லை.

இடது கண்ணை இறுக்கிக்கொண்டு வலது கண்ணை மட்டும் திறந்தாள்.

இருட்டு.

மதிய வெயிலில் இருட்டு.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். கை தானாக மேலே பாய்ந்தது. ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. தோல் நழுவியது. விடவில்லை.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

இடது கண்ணைத் திறந்தாள்.

குனிந்திருந்த முகத்தில் ஒரு பக்கம் வெறும் தோல். மறுபக்கம் ஒரு கண். வெள்ளை விழியில் கடுகளவு மச்சம். கண்ணாடியில் தன் வலது கண்ணில் தினமும் பார்க்கிற மச்சம்.

"அது என்னுது. குடு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா எதற்கோ சிரித்தார். கடுகு மச்சக் கண் மெல்ல உருண்டு, அவளுடைய இடது கண்ணைப் பார்த்தது. இன்னொரு கை எழுந்தது.

அவள் முந்திக்கொண்டாள். கட்டைவிரலை அந்த இமைக்குள் நுழைத்தாள். சூடாக இருந்தது. துடித்தது.

வலி அவளுக்குத்தான் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உள்ளே அழுத்தினாள்.