இரண்டாக வெட்டிய இழை

வலது கையால் கண்ணாயி சோறு பிசைந்துகொண்டிருந்தாள். மடியில் சும்மா கிடந்த இடது கையின் விரல்களில் ஈர மண் ஒட்டியது. குனிந்து பார்த்தாள். சேலை உலர்ந்திருந்தது, விரல்களில் தூசிகூட இல்லை. ஆனாலும் நகக்கண்ணுக்குள் மண் சில்லென்று நெருடுவதும், விரலிடுக்கில் ஏதோ வேர் ஒன்று அறுபடுவதும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தன.

உணர்ச்சி செத்துப்போன விரல்கள் அவை. மிளகுக்கொடி கழிக்கும்போது வழுக்கிய அரிவாள் மணிக்கட்டு நரம்பை அறுத்துவிட்டது. மலைமேல் இருக்கும் மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் போட்டு சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் பாலசுப்பிரமணியம், அறுந்த இரு முனைகளுக்கும் நடுவே ஒரு சின்னக் குழலை வைத்துத் தைத்தார். அதற்குள் சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகள். நானோ இழை என்றார். அதைப் பற்றிக்கொண்டு நரம்பு விரல்வரை வளருமாம்; பிறகு இழை தானே கரைந்துவிடுமாம்.

“ஏனுங்க, வெரலுக்கு உசுரு வந்துருச்சுங்க” என்றாள் புருஷனிடம்.

அங்கப்பன் ஆசையாகச் சுடுதண்ணி இருந்த போசியை அந்த விரல்களில் ஒற்றிப் பார்த்தான். தோல் சிவந்தது. அவளுக்குச் சூடு தெரியவில்லை. மண்ணின் குளிர்தான் தெரிந்தது.

மறுநாளே சேலத்துக்குப் போனார்கள். டாக்டர் ஊசியால் குத்தினார். ரத்தம் முத்தாக வந்தது, வலி வரவில்லை.

“நரம்பு வளர்றப்ப இல்லாததெல்லாம் தெரியும்மா, பயப்படாதீங்க. அன்னைக்கு ஒரே குழலை ரெண்டா வெட்டி, பாதி உங்களுக்கும் பாதி கரடியூர் காளியாயிக்கும் வெச்சேன். அவங்களுக்கும் இப்படி இருக்கான்னு கேக்கணும். ஆளே வரலை.”

அங்கப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னான். “அந்தம்மா காய்ச்சல்ல போயிருச்சுங்க சார். போன வாரந்தான் பொதைச்சாங்க.”

டாக்டர் பிடித்திருந்த அவள் கையை மேசைமேல் வைத்தார். மறுபடி அதைத் தொடவில்லை. “திங்கக்கிழமை வாங்க. குழலை எடுத்துடலாம்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் குளிர் கூடியது. டீசல் வாடையும் யாரோ மடியில் வைத்திருந்த பலாப்பழத்தின் வாடையும் குமட்டின. அவள் விரல்களைச் சுற்றியிருந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டே வந்தது. திடீரென்று விரல்களில் காற்றுப் பட்டது. தூறல் விழுந்தது. பஸ்ஸில் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

அடுத்த நாள் மத்தியானமே மூடுபனி இறங்கி, எதிரே இருந்த சவுக்கு மரங்களை ஒவ்வொன்றாக அழித்தது. “நொம்பப் பயமா இருக்குதுங்க, போவாதீங்க” என்றாள்.

“பட்டப்பகல்ல என்ன புள்ள? எஸ்டேட் ரைட்டருகிட்ட லீவு சொல்லிட்டு ஓடியாந்தர்றேன். கதவச் சாத்திக்க.”

அவன் செருப்புச் சத்தம் பனிக்குள் கரைந்தது. அவள் தாழ்ப்பாள் போட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். விரல்களில் ஈரப்புல் உரசியது. பிறகு தார் ரோட்டின் சொரசொரப்பு. ஊர்ந்து வருவதுபோல, விட்டு விட்டு. பிறகு காப்பிச் செடியின் வழுவழுத்த இலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு முள்கம்பி. அதில் ஓரிடத்தில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. அவள்தான் சுற்றியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலி அது.

துவைக்கிற கல். அதன் பாசி.

சுவர்.

கதவுப் பலகை. அதன் வெடிப்பில் விரல் மெல்ல இறங்கியது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

காய் அரியும் கத்தியை எட்டி எடுத்தாள். குழல் இருந்த மணிக்கட்டுத் தழும்பின்மேல் வைத்தாள். அழுத்தினாள்.

பலகை மறைந்துவிட்டது.

விரல்களில் எதுவுமே இல்லை. கண்ணாயி மூச்சுவிட்டாள்.

பிறகு ஒரு வெதுவெதுப்பு. அடுப்பின் அனல். எழுந்து கதவைப் பார்த்தாள். தாழிட்டபடிதான் இருந்தது. அடுப்பு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

விரல்களில் ரவிக்கைத் துணி. எண்ணெய்ப் பிசுக்குள்ள பின்னல்.

அவளுடைய இரண்டு கைகளும் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. ஒன்றில் கத்தி. இன்னொன்று ரத்தம் வடிய, வெறுமையாக.

பின்னங்கழுத்தில் ஈர விரல்கள் பட்டதும், அந்த விரல்களில் தன் கழுத்தின் சூடு பட்டதும் ஒரே கணத்தில் அவளுக்குத் தெரிந்தன.