தீவுக்குப் போகாமல் தடுத்த கறுப்பு

காலை 6.10. படகைக் காணோம்.

வேல்ஸ் கரையில் படகு கட்டும் இரும்பு வளையம் வெறுமனே கிடந்தது. கணக்கெடுப்புக் குழுவின் படகு அரை மைல் தள்ளிப் பாறையில் மோதி உடைந்திருந்தது. கயிறு அறுபடவில்லை, அவிழ்ந்திருந்தது. ஆண்டிலேயே கடல் அதிகம் வற்றும் நாள் அது. எதிரே உள்ள தீவுப் பாறைகளில் நத்தையையும், பாறையோடு ஒட்டி வளரும் கல்பாசியையும் மறுபடி எண்ணிச் சரிபார்க்க இருந்தார்கள்.

படகோட்டி கெத்தினுக்கு முகம் வெளுத்துவிட்டது. இருபத்திரண்டு வருட வேலை! குழுவின் செயலாளர் பிரைஸ் நின்ற இடத்திலேயே அவரை நீக்கும் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"முடிச்சு சரியாப் போட்டியா?" என்றார் கான்ஸ்டபிள் இட்வல்.

"நேத்து சாயங்காலம்தான் கயித்துக்குப் புதுசா தார் பூசினேன். மூணு சுத்து சுத்திக் கட்டினேன். என் முடிச்சு தானா அவிழாதுப்பா."

இட்வலுக்கு நம்பிக்கை வரவில்லை. பிரைஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்க இருந்தீங்க சார்?"

"அஞ்சரையிலேருந்து அந்த முனைப் பாறையில."

"கையும் கால்சட்டையும் ஒரே கறுப்பா இருக்கே?"

"பாறையைப் பாருங்க. எவனோ கப்பல்காரன் எண்ணெயைக் கொட்டியிருக்கான். உக்காந்ததுல துணி பாழ்."

உண்மைதான். அலை தொடும் கோடு நெடுக ஒரு கறுப்புப் பட்டை ஓடியது. இட்வல் தலையாட்டினார்.

பூதக்கண்ணாடியும் கையுமாகக் குனிந்திருந்த டெக்வென் பக்கென்று சிரித்துவிட்டாள். கல்பாசி எண்ணியே தலை நரைத்தவள்; இன்று தீவில் சரிபார்க்க வந்திருந்தவள் அவள்தான்.

"கர்சீப் இருக்கா தம்பி?"

இட்வலின் வெள்ளைக் கைக்குட்டையை வாங்கி, ஈரக் கறுப்பில் அழுத்தித் தேய்த்தாள். துளி கறை இல்லை.

"எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கல்பாசி. உப்புத் தண்ணி அடிச்சு அடிச்சும் அசராம உக்காந்திருக்கு. யார் துணியிலயும் ஒட்டாது."

அடுத்து பிரைஸின் முழங்காலில் ஒரு தேய்ப்பு. கைக்குட்டை கன்னங்கரேல் ஆனது. தார் நெடி மூக்கைத் துளைத்தது.

அடேயப்பா! பிறந்ததிலிருந்து மிதித்த பாறை. ஒருநாளும் இட்வல் அதை உற்றுப் பார்த்ததே இல்லை. இவளுக்கோ அது சாட்சியே சொல்கிறது.

"மூணு வருஷமா தீவுல எண்ணினேன்னு பட்டியல் கொடுத்தீங்களே," என்றாள் டெக்வென். "கெத்தின் இறக்கிவிட்டது நிஜம். ஆனா அங்க இருக்கிற குடிசையை விட்டு வெளியே வந்தீங்களா? அங்கயும் இதே பட்டைதான். ஒரு தடவை குனிஞ்சு தொட்டிருந்தா எண்ணெய்னு சொல்லியிருக்க மாட்டீங்க. இன்னிக்கு நான் எண்ணினா குட்டு உடைஞ்சிடும்னுதானே படகை அவிழ்த்தீங்க?"

பிரைஸின் கையிலிருந்த கடிதம் நழுவியது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

இட்வலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "கெத்தின், உன்னைப் போய் நான்..."

"என் முடிச்சையே சந்தேகப்பட்டியேடா!" கெத்தினின் கண் கலங்கியிருந்தது. "சரி, அழுகையெல்லாம் அப்புறம். ஓடிப்போய் உங்க அண்ணன் படகைக் கொண்டா. தண்ணி ஏறுறதுக்குள்ள டெக்வென் அம்மாவைத் தீவுல சேர்க்கணும்."