திரைக்கு வெளியே ஒரு நாற்காலி

"அடுத்து!"

காலையிலிருந்து கத்திக் கத்தி நர்ஸுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கால் இரண்டும் கெஞ்சின. வெளியே மழை வேறு, விடுவேனா என்று பிடித்துக்கொண்டிருந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை அறை அது. வருகிற பெண்களில் பாதிப் பேர் திரைச்சீலையைப் பார்த்ததுமே திரும்பி நடப்பார்கள். அவர்களைப் பிடித்து, சமாதானம் சொல்லி உள்ளே அனுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

எட்டிப் பார்த்தாள். பெண்கள் வரிசையில் நடுநாயகமாக ஒருவன்!

"ஹலோ... இது லேடீஸ் உட்காருற இடம். போர்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்க. ஆனா நான் எழுந்தா எங்க அக்கா ஓடிடுவா. போன தடவையும் ஓடிட்டா. அதான் வழியை மறிச்சு உட்கார்ந்திருக்கேன்."

நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. சட்டையில் கிரீஸ் கறை. லிஃப்ட் மெக்கானிக்காம். உதடு சிரிக்கவில்லை, கண்கள் மட்டும்... அவளுடைய கோபம் ஏனோ பாதியிலேயே நின்றுவிட்டது.

"நான் நல்லாத்தானேடா இருக்கேன்..." பக்கத்தில் அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நல்லா ஓடுற லிஃப்டைத்தான்க்கா மாசாமாசம் பார்க்கிறோம். நின்னப்புறம் போனா உள்ளே ஆள் மாட்டியிருக்கும்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை" என்று நர்ஸ் முணுமுணுத்தாள்.

அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "நீ பண்ணிக்கிட்டியாம்மா?"

ஒரு கணம்தான்...

"ஓ, பண்ணிக்கிட்டேனே! ஒண்ணுமே தெரியாதுக்கா."

பொய். கூசாமல் வந்த பொய். அக்கா அதை நம்பி எழுந்து உள்ளே போனாள்.

சில வாரங்கள் கழித்து அவன் மறுபடி வந்தான். அக்காவின் செல்களில் மாற்றம் தெரிந்திருந்தது. புற்றாக மாறுவதற்கு முன்பே டாக்டரம்மா சின்ன சிகிச்சையில் அகற்றிவிட்டார்.

"நீங்க பண்ணிக்கிட்டேன்னு சொன்ன தைரியத்துலதான் அக்கா உள்ளே போனா. வீட்ல எந்நேரமும் உங்க பேச்சுதான்... எனக்கும்..."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேலை இருக்குங்க. கிளம்புங்க."

கிளம்பினான். ஆனால் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கும் வேலையே அவனுக்கு வந்து சேர்ந்தால் அவள் என்ன செய்வாள்? லிஃப்ட் பக்கமே போகாமல், கெஞ்சும் கால்களோடு படியேறினாள். ஒரு சாயங்காலம் அவன் படியிலேயே நின்றிருந்தான்.

"லிஃப்ட் நல்லாத்தாங்க ஓடுது. என்னைப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கால் வலியோட எதுக்கு ஏறணும்?"

முடியவில்லை அவளுக்கு. அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"நான் பண்ணிக்கலை. உங்க அக்காகிட்ட பொய் சொன்னேன்." "எங்கம்மாவுக்கு இதே நோய்தான். கண்டுபிடிச்சப்போ கைமீறிப் போச்சு... ஊருக்கெல்லாம் சொல்றேன். நான் போய்ப் படுக்கணும்னா கை கால் உதறுது. தைரியசாலின்னு நினைச்சுத்தானே என்னைத் தேடி வந்தீங்க?"

அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"இல்லை. தொண்டை கட்டியும் ஒவ்வொருத்தரா பிடிச்சு கெஞ்சிக்கிட்டிருந்தீங்களே... அதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்." அவன் எழுந்து நின்றான். "டாக்டரம்மா இன்னும் இருக்காங்களா?"

இருந்தார். வரிசை காலியாகியிருந்தது. அவன் நேரே போய் அதே நாற்காலியில், அதே மாதிரி வழியை மறித்து உட்கார்ந்தான்.

"அப்போ நான் ஓடவும் முடியாதா?"

"முடியாது. ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் இங்கேதான் இருப்பேன். இன்னைக்கு மட்டும் சொல்லலை... எப்பவுமே."

அவள் திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "உள்ளே போறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு தோணுச்சு..."

அவன் கண்கள் நிறைந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளைப் போலவே தொண்டை கட்டிய குரலில் கூப்பிட்டான்.

"அடுத்து!"

அழுகையும் சிரிப்புமாக அவள் உள்ளே போனாள்.