வாய்க்காலைப் பார்த்த கதவு

புளியமரத்தை ஒருவன் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

தலையில் அகத்திக்கீரைக் கட்டோடு வரப்பில் வந்த ஜெயக்கொடி அப்படியே நின்றுவிட்டாள். லேசான தூறல். அவன் மரத்தில் கன்னத்தை வைத்து, இரண்டு கைகளையும் விரித்து அணைத்திருந்தான். கை எட்டவில்லை போல... கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் அணைத்தான். பிறகு இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை உருவி மரத்தைச் சுற்றி அளவு பார்த்தான்.

பைத்தியமா? பைத்தியம் இப்படி வகிடு எடுத்துத் தலை வாரிக்கொண்டு வராது. மரம் வெட்ட வந்த ஆளா? இல்லை...

அந்த 'இல்லை'க்குக் காரணம் இருந்தது. சோழவந்தானை ஒட்டிய அவர்களுடைய வெற்றிலைக் கொடிக்காலில், போன பங்குனியில்தான் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒருவன் வந்தான். நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு. அவள் அம்மா செல்லத்தாய் மோர் கொடுத்து அனுப்பினாள். அவன்தான் வழி பார்த்துப் போனவன் என்று பிற்பாடு ஊரே சொன்னது. அன்றைக்கு அவள் அப்பா வெள்ளைத்துரை வீட்டில் ஒரு சட்டம் போட்டார். வெளியாள் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லக்கூடாது.

ஜெயக்கொடி தொண்டையைச் செருமினாள்.

"மரத்துக்குக் காய்ச்சலா?"

அவன் துள்ளி விலகினான். கன்னத்தில் மரப்பட்டைத் தூள் ஒட்டியிருந்தது. இமையில் ஒரு மழைத்துளி விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல்... திருடனுக்கு எதற்கு இப்படிக் கண்ணு?

"இல்லைங்க... தாங்குமான்னு பாத்தேன்."

"எதைத் தாங்கணும்?"

"அது... சொல்லக் கூடாதுங்க."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"அதையும் சொல்லக் கூடாதுங்க."

சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு. அதே மாதிரி நல்ல சிரிப்பு... அவள் கீரைக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேற்கே வாய்க்கால். மரத்தைத் தாண்டிக் கிழக்கே, அகத்தி மரங்களும் தென்னங்கீற்றுத் தட்டிகளும் நாலு பக்கமும் மறைத்து நின்றது கொடிக்கால். அவன் அதன் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்ததும் அவள் தடுத்தாள். கொடிக்கால் கோயில் மாதிரி, செருப்போடு அங்கே நிற்கக்கூடாது, செருப்பில்லாவிட்டாலும் வீட்டு ஆட்களைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்றாள். அவன் மரியாதையாகப் பின்வாங்கினான். பிறகு தயங்கித் தயங்கி, ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளலாமா என்றான்.

"ஆளுக போக வர வழி எந்தப் பக்கம்ங்க?"

வந்துவிட்டதா... இதற்குத்தான் மரத்தைக் கட்டிப்பிடித்த நாடகமெல்லாம். வாசல் கிழக்கே இருந்தது, ஒரு தட்டிக்குப் பின்னால். ஜெயக்கொடி கூசாமல் மேற்கே கையை நீட்டினாள்.

"அங்கிட்டு. வாய்க்கால் கரை மேலதான் எல்லாரும் போவோம்."

அவன் தலையாட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான். வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திருடன் திரும்பிப் பார்ப்பானா? பார்ப்பான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. அதற்குச் சிரிக்க வேண்டாமே...

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். வெள்ளைத்துரை பதறவில்லை. வெற்றிலையை மென்றபடி, ஆள் எப்படி இருந்தான் என்று மட்டும் கேட்டார். திருடன் மாதிரி இருந்தான் என்றாள். திருடன் எப்படி இருப்பான் என்றார்.

"நல்லா இருப்பான்" என்று வாயில் வந்துவிட்டது.

செல்லத்தாய் ஒரு பார்வை பார்த்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பும் சரியாகப் படவில்லை அவளுக்கு. அப்பாவுக்கு என்னவோ தெரியும்.

மறுநாள் காலை வாய்க்கால் கரை முழுக்கக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவன் திரும்பவும் வந்தான். அவள் போய்ப் பார்த்தபோது கரையில் உட்கார்ந்து உள்ளங்கால் முள்ளோடு போராடிக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான்... அவள் சொன்ன வார்த்தைக்காக. அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். வாங்கும்போது விரல் நுனி பட்டது. பட்டதை இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

பேர் பால்பாண்டி, செல்லூர்க்காரன், தூத்துக்குடியில் ஒரு லாரி ஆபீசில் வேலை என்றான். கேட்காமலே சொன்னான். பொய்ப்பேராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முள்ளை எடுத்ததும் என்னவோ கேட்க வாயைத் திறந்தான், அவளைப் பார்த்தான், கேட்க வந்ததை மறந்தவன் போல எழுந்து போய்விட்டான். ஊக்கைத் தரவில்லை. பார்த்தியா, திருடன்தான்... ஆனால் அன்று முழுவதும் அவளுக்குக் கோபமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கிழக்கு வண்டிப்பாதையில் ஒரு லாரி பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வந்தது. அதன் முதுகில் வீடு நீளத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. பின்னால் நடந்து கை காட்டிக்கொண்டு வந்தவன் பால்பாண்டி. வெள்ளைத்துரை புதுத் துண்டு போட்டுக்கொண்டு, கையில் பூசணிக்காயோடு தயாராக நின்றார்; வேடிக்கை பார்க்க ஊர் கூடியிருந்தது.

அப்போதுதான் வாயைத் திறந்தார். கப்பலில் சரக்கு ஏற்றுகிற பெட்டி. பழசாகிவிட்டதென்று துறைமுகத்தில் கழித்ததை வாங்கியிருந்தார். மோட்டார், ஒயர், உர மூட்டை எல்லாம் இனி இதற்குள்தான், எவன் வருவான் பார்ப்போம் என்றார். வந்து சேர்வதற்கு முன்னால் வாய்விட்டால் கண்பட்டுப் போகுமாம். அதனால் பெண்டாட்டி பிள்ளையிடம்கூட மூச்சு விடவில்லை. இடத்தை நீயே பார்த்துக்கொள், யாரிடமும் சொல்லாதே, கதவு மட்டும் கொடிக்கால் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று பால்பாண்டியையும் கட்டிப்போட்டிருந்தார்.

ஜெயக்கொடி கிழக்கு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

பால்பாண்டி அளந்த புளியமரத்தில் இரும்புக் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைப் பெட்டியில் மாட்டினார்கள். லாரிக்குப் பின்னால் சாய்வாகப் பனந்தடிகளைப் போட்டார்கள். டிரைவர் சோணை வண்டியை மெள்ள முன்னால் நகர்த்த, மரம் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, லாரி அடியிலிருந்து விலக, பெட்டி சறுக்கிக்கொண்டு இறங்கியது. மரம் ஒரு உலுக்கு உலுக்கி எல்லார் தலையிலும் மழைத்தண்ணீரைக் கொட்டியது. தாங்கிவிட்டது. இதற்குத்தானா அந்தக் கட்டிப்பிடித்தல்...

வெள்ளைத்துரை பெட்டியைச் சுற்றி வந்தார். கதவு மேற்கே இருந்தது. திறந்து ஒரு அடி வைத்தால் கரை, அடுத்த அடி வைத்தால் வாய்க்கால்.

"ஏப்பா, இது யாரு புழங்கக் கதவு வச்சிருக்க? தவளையா?"

பால்பாண்டி கரையைப் பார்த்தான். கிழக்கே செல்லத்தாய் தட்டியை விலக்கி வெளியே வருவதைப் பார்த்தான். பிறகு ஜெயக்கொடியைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை... அதில் எல்லாம் அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான் தப்பாப் பாத்துட்டேங்க" என்றான்.

சோணை தலையில் கை வைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஏற்றும்போது கதவு எந்தப் பக்கம் இருந்ததோ அதுதான், இந்தக் குறுகல் பாதையில் லாரி திரும்பாது, இங்கே கிரேனும் கிடையாது என்றார். "போச்சு மாப்ள. முதலாளி காதுக்குப் போனா இன்னையோட ஒனக்கு வேலை இல்ல."

வெள்ளைத்துரை, லாரி ஆபீஸ் முதலாளியிடம் இந்தத் தப்பைப் பற்றித் தானே பேசுவதாகச் சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் பேசினால் பேசினதுதான்.

ஜெயக்கொடி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஊர் முன்னால் தலைகுனிய வேண்டாம். அவன் லாரியில் ஏறிப் போய்விடுவான்... போய்விடுவான்.

"அப்பா, தப்பு அவரு மேல இல்ல. அவரு வழி கேட்டாரு. நான்தான் பொய்யாக் கைகாட்டினேன்."

எல்லாரும் திரும்பினார்கள். பொய்யே சொல்லாத பிள்ளை என்று மகளைப் பற்றிப் பெருமை பேசித் திரிந்தவர் வெள்ளைத்துரை. அவர் முகம் கறுத்தது.

"எதுக்குத்தா?"

"மோட்டார் திருட வந்த ஆளுன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்தார்கள். வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. செல்லத்தாய்தான் முன்னால் வந்தாள்.

"அவளை என்ன பார்வை பாக்குறீங்க? உள்ளதைச் சொல்லாதேன்னு சட்டம் போட்டது யாரு? நீங்க பெட்டியை ஒளிச்சீங்க, அவ வழியை ஒளிச்சா. ஒங்க மகதான."

வெள்ளைத்துரை பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியைத் திருப்ப முடியுமா தம்பி என்று கேட்டார். கோபம் போயிருந்தது. அல்லது வேறு யார் மேல் போடுவது என்று தெரியவில்லை.

திருப்பினார்கள். பனந்தடியைத் துண்டு துண்டாக வெட்டிப் பெட்டிக்கு அடியில் உருளை கொடுத்து, ஒரு மூலையை மரத்தில் கட்டி, எதிர்மூலையை லாரியால் இழுத்து... கொஞ்சம் கொஞ்சமாக, எருமை திரும்புகிற மாதிரி திரும்பியது. பொழுது சாய்கிற நேரத்தில் கதவு கிழக்கே பார்த்து நின்றது. பூசணிக்காயை உடைத்தார்கள். சோணைக்குச் சாப்பாடு போட்டார்கள்.

பால்பாண்டி பெட்டி மறைவில் கை கழுவிக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி செம்புத் தண்ணீரைச் சாய்த்தாள்.

"நான்தான் ஏத்துக்கிட்டேனே... நீங்க எதுக்குங்க சொன்னீங்க?"

"வேலை போயிருந்தா?"

"வேற எங்கயாச்சும் தேடிருப்பேன்."

"தேடிருப்பீங்க... எங்கயோ. அப்புறம் இந்தப் பக்கம் எதுக்கு வரப்போறீங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. செம்பில் தண்ணீர் தீர்ந்துபோனது தெரியாமல் சாய்த்துக்கொண்டே நின்றாள். தூறல் மறுபடியும் பிடித்தது.

அவன் சட்டைப்பையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினான்.

"உங்க மேல மட்டும் தப்பு இல்லைங்க. வழியை இன்னொரு தடவை சரியாக் கேட்டுக்கணும்னுதான் ரெண்டாவது தடவை வந்தேன். நீங்க இதைக் கையில குடுத்தீங்க... எல்லாம் மறந்துபோச்சு."

அவள் ஊக்கை வாங்கவில்லை.

"அடுத்த வாரம் எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாரேன். பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேப்பாக. அவுகளுக்காவது உள்ளதைச் சொல்லுவீங்களா?"

அவள் நேராகக் கிழக்கே நடந்தாள். தட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். உள்ளே வெற்றிலைக் கொடிகள் மழையில் பளபளத்தன... இருட்டும் குளிர்ச்சியும் வாசமுமாக. முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."